மலை இருக்க மேடு எதற்கு?

மெக்சிகோவின் மொரெலோஸ் மாநிலத்துக் கிழக்குப் பகுதியில், அமாட்சினாக் பள்ளத்தாக்கின் சமவெளியிலிருந்து இரண்டு பாறைக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. ஒன்று சல்காட்சிங்கோ குன்று, மற்றது அதைவிட ஒல்லியான டெல்காடோ குன்று. உயரம் சுமார் 300 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஆழமான பிளவு. வடக்கே திரும்பினால் போபோகாட்டெபெட்ல் எரிமலை. அடிவாரத்தில் 3000 ஆண்டுகளுக்கு முன்பே சரிவை வெட்டிச் சமன்செய்த படித்தளங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே 70 மீட்டர் நீளத்துக்கு மண்ணைக் குவித்து எழுப்பிய ஒரு பெரிய மேடு. குன்றின் பாறை முகத்தில் புடைப்புச் சிற்பங்கள். குகைகளிலும் பாறை ஒதுங்கல்களிலும் சிவப்பிலும் வெள்ளையிலும் தீட்டிய ஓவியங்கள். பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள் கட்டிய ஒரு பிரமிடும் ஒரு பந்தாட்டக் களமும் கூட இங்கே உண்டு.

இப்படிப்பட்ட மலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அதன் காலடியில் எதற்காக மண்ணால் இன்னொரு மலை கட்டினார்கள்? சல்காட்சிங்கோவைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் இந்தக் கேள்வியோடு வாசித்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன என்பது என் எண்ணம்.

மெசோஅமெரிக்கப் பிரமிடு என்றாலே, அது மலையின் உருவம், அதன் வயிறு குகை, குகையில் இருப்பது தண்ணீர் என்ற விளக்கம் சொல்லப்படுவதுண்டு. விளக்கம் சரியானதுதான். ஆனால் மலை இல்லாத ஊருக்கே அது சிக்கலின்றிப் பொருந்தும். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஈரநிலத்தில், லா வென்டாவில், ஓல்மெக் மக்கள் 30 மீட்டருக்கு மேல் உயரமான மண் பிரமிடு எழுப்பினார்கள். அங்கே சிற்பத்துக்கு வேண்டிய கருங்கல்லைக்கூடத் தொலைவிலிருந்த டுஷ்ட்லா மலைகளிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. மலை இல்லாதவர்கள் மலை கட்டிக்கொண்டார்கள் என்று சொல்லி அங்கே முடித்துவிடலாம். சல்காட்சிங்கோவில் அப்படி முடிக்க வழியில்லை.

முதலில் காலக்கணக்கு. கி.மு. 1500 வாக்கில் இங்கே மக்கள் குடியேறிவிட்டார்கள். கி.மு. 1100 வரையிலான முதல் கட்டத்திலேயே கல் பதித்த மேடைகள் தலைகாட்டுகின்றன. அடுத்த 400 ஆண்டுகளில் சரிவு முழுவதும் படித்தளங்களாக மாறுகிறது. கி.மு. 700 முதல் 500 வரையிலான காலமே ஊரின் உச்சம். சிற்பங்களில் பெரும்பாலானவை அப்போது செதுக்கப்பட்டவை. அதன்பின் ஊர் தேய்ந்துபோனது. உச்சத்தில் இருந்தபோதும் மக்கள்தொகை சில நூறிலிருந்து ஆயிரம் வரைதான் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு சிறிய ஊர் இத்தனை சிற்பங்களைச் செய்து வைத்திருப்பதுதான் முதல் வியப்பு.

ஊர் மக்கள் அறிந்திருந்த இந்தச் சிற்பங்களை 1934இல் வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் யூலாலியா குஸ்மான் என்ற பெண் தொல்லியலாளர். 1953இல் ரோமான் பின்யா சான் சிறிய அளவில் அகழ்ந்தார். 1970களில் டேவிட் க்ரோவ், ஹோர்கே அங்குலோ, ரவுல் அரானா ஆகியோரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தது. அதன் முடிவுகளைத் தொகுத்து க்ரோவ் 1984இல் ஒரு சிறு நூலும், பலர் எழுதிய கட்டுரைகளோடு 1987இல் ஒரு பெருநூலும் கொண்டுவந்தார். மெக்சிகோவின் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனம் அதற்குப் பின்னும் அங்கே ஆய்வு நடத்தி வருகிறது. இன்றைக்கும் சல்காட்சிங்கோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த 1987ஆம் ஆண்டு நூலைத் தொடாமல் பேச முடியாது.

இனி குன்றுக்கு வருவோம். சரிவில் சற்று ஏறினால், மழைநீர் பாய்ந்து பாய்ந்து உண்டான ஓர் ஓடைப்பள்ளம் பாறையின் மேல் இறங்குகிறது. அதை ஒட்டிய பாறை முகத்தில்தான் முதலாம் எண் சிற்பம் இருக்கிறது. உள்ளூரில் அதற்கு 'எல் ரே', அதாவது அரசன், என்று பெயர். உயரம் ஏறத்தாழ 2.7 மீட்டர். பிளந்த வாய் ஒன்றைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள். வாய்க்கு மேலே ஒரு கண் இருப்பதால் அது வெறும் குகை அல்ல, உயிருள்ள பூமியின் வாய் என்று தெரிகிறது. உள்ளே உயர்ந்த தலையணியோடு ஒருவர் அமர்ந்திருக்கிறார். இருக்கையிலும் சுருள் வடிவம், கைகளில் ஏந்தியிருக்கும் பொருளிலும் சுருள் வடிவம். வாயிலிருந்து மூச்சைப் போல, மூடுபனியைப் போலச் சுருள்கள் வெளியே புரண்டு வருகின்றன. வாயின் வெளிப்புற ஓரங்களில் செடிகள் முளைக்கின்றன. மேலே மேகங்கள். மேகத்திலிருந்து துளித்துளியாக மழை இறங்குகிறது.

ஓடைப்பள்ளத்தைக் கடந்தால் அதே பாறைத்தொடரில் சிறு சிற்பங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் பல்லியையோ முதலையையோ ஒத்த சிறு பிராணி ஒன்று சுருளின்மேல் குந்தி, தலையை நிமிர்த்தி மூச்சை ஊதுகிறது. ஊதிய மூச்சுக்கு மேலே மேகம், மேகத்திலிருந்து மழை. கீழே கொடி படர்ந்து பூசணிக் காய் தெரிகிறது. மழைக்காலத்தில் குன்றின் தலையில் பெய்யும் நீர் இந்தப் பள்ளத்தின் வழியாக, இந்தச் சிற்பங்களுக்கு நடுவே, படித்தளங்களை நோக்கி ஓடும். செதுக்கியவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்த அறிவை எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லில் காட்டியது ஆண்டுதோறும் அதே இடத்தில் மெய்யாகவே நடந்துகொண்டிருந்தது.

எல் ரே யார் என்பதில் ஆய்வாளர்கள் இரு கூறாக நிற்கிறார்கள். மழையைத் தரும் தெய்வம், மலையின் உள்ளே வாழும் சக்தி என்பார் ஒரு சாரார். இல்லை, ஊரை ஆண்ட தலைவர் அல்லது அவருடைய மூதாதை என்பார் மறு சாரார். இரண்டிலொன்றைத் தேர்ந்தெடுத்தே தீரவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மழைக்குரிய இடத்தில் தலைவரை உட்காரவைப்பது ஓர் அரசியல் செயல். 'குகைக்குள் உட்காரத் தகுதி பெற்றவர் இவர், மழை இவர் வழியாக வருகிறது' என்று அது சொல்கிறது. மழையை நம்பி மக்காச்சோளம் விதைக்கும் ஊரில் இதைவிடப் பெரிய அதிகாரக் கோரிக்கை வேறு இருக்க முடியாது.

குன்றின் மற்ற சிற்பங்களும் இந்தப் பாங்கை ஒட்டியே போகின்றன. கொடிய பூனையின விலங்குகள் மனிதர்கள்மேல் பாய்கின்றன. வாயில் மனிதனைக் கவ்விய பாம்பு போன்ற ஒரு பிராணி. முகமூடி அணிந்தவர்கள் கோல்களோடு நிற்க, ஒருவர் அமர்ந்திருக்கும் சடங்குக் காட்சி. எல்லாம் மண்ணுக்கும் மழைக்கும் பலிக்கும் உரிய உலகம்.

கீழே படித்தளங்களுக்கு இறங்கியதும் காட்சி அடியோடு மாறுகிறது. அங்கே நிற்பவை தனிக் கற்பலகைகள், உருண்டைச் சிற்பங்கள். அவற்றில் இருப்பவர்கள் மனிதர்கள். ஒரு கற்பலகையில் ஒரு பெண் நின்று, நெடிய தூண் போன்ற ஒன்றின்மேல் கைவைத்திருக்கிறாள். மெசோஅமெரிக்கப் பெருஞ்சிற்பங்களில் பெண்ணைக் காட்டும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. மலையில் புராணம், தளத்தில் ஆள்பவர்கள் என்ற இந்தப் பிரிவை க்ரோவ்தான் தெளிவாக எடுத்துக்காட்டினார். அவருடைய பங்களிப்புகளில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். சிற்பத்தைத் தனியாகப் பார்க்காமல், அது எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னவர் அவர்.

தளத்துச் சிற்பங்களில் பல தலை துண்டிக்கப்பட்டவை. முன்பெல்லாம் இதைப் பகைவர் செய்த அழிவு, உள்நாட்டுக் கலகம் என்றே எழுதினார்கள். ஆனால் அந்தப் பெரிய மேடு நிற்கும் மையத்திடலை ஒட்டிய தலைவர் வீடு ஒன்றின் தரைக்கடியில் இருந்த கல்லறையில், இறந்தவரோடு ஒரு கற்சிலையின் துண்டித்த தலையும் வைத்துப் புதைக்கப்பட்டிருந்தது. பகைவன் உடைத்த தலையை உறவினர் கல்லறையில் மரியாதையாக வைத்திருக்க மாட்டார்கள். தலைவர் இறந்ததும் அவருடைய சிலையும் சடங்கோடு முடித்துவைக்கப்பட்டது என்று க்ரோவ் வாதிட்டார். இந்த ஒரு கல்லறை, ஓல்மெக் நாட்டின் உடைந்த சிற்பங்களைப் பற்றிய பார்வையையே மாற்றிவிட்டது.

ஓல்மெக் என்ற பேச்சு வந்துவிட்டதால் பழைய வழக்கு ஒன்றையும் விசாரித்துவிடலாம். சல்காட்சிங்கோ சிற்பங்களின் பாணி ஓல்மெக் பாணி. ஆனால் லா வென்டா இங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அப்படியானால் இதைச் செதுக்கியது யார்? ஓல்மெக் பற்றி 1942இல் நடந்த புகழ்பெற்ற கருத்தரங்குக்குப் பின், ஓல்மெக் நாகரிகமே மெசோஅமெரிக்காவின் தாய்ப் பண்பாடு என்ற கருத்து அல்ஃபோன்சோ காசோ, மிகெல் கோவர்ரூபியாஸ் ஆகியோரால் வேரூன்றியது. அந்தப் பார்வையில் சல்காட்சிங்கோ ஒரு குடியேற்றம், வணிகச் சாவடி, சமயப் பரப்பு நிலையம் என்று பலவாறாக எழுதப்பட்டது. கென்ட் ஃப்ளானரி, ஜாய்ஸ் மார்கஸ் முதலியோர் தாய் என்று ஒருவரும் இல்லை, ஒருவரோடொருவர் போட்டியிட்டு வளர்ந்த சகோதரிகளே இந்தப் பண்பாடுகள் என்றார்கள். 2005இல் மட்பாண்டங்களின் மண்ணை வேதியியல் முறையில் சோதித்து, பாண்டங்கள் ஓல்மெக் நகரமான சான் லொரென்சோவிலிருந்தே பிற ஊர்களுக்குப் போயின என்று ஓர் அணி அறிவித்தது. அதே ஆண்டிலேயே அந்தப் பாண்டங்களின் கனிமத் துகள்களை ஆராய்ந்த மற்றோர் அணி அதை மறுத்தது.

சல்காட்சிங்கோவின் குப்பைமேடுகள் இதில் தெளிவான சாட்சி சொல்கின்றன. வீடுகளில் புழங்கிய பானை சட்டிகள் மத்திய மெக்சிகோவின் உள்ளூர் மரபைச் சேர்ந்தவை. குடியேறியவர்கள் வந்திருந்தால் அடுப்படியில் அவர்கள் தடயம் இருந்திருக்கும். தெற்கே உள்ள கெர்ரெரோ மாநிலத்திலிருந்து பச்சைக்கல், பளபளக்கும் இரும்புக் கனிமம், மேட்டுநிலத்து எரிமலைக் கண்ணாடி ஆகியவை கைமாறும் வழியில் இந்த ஊர் இருந்தது. கென்னத் ஹிர்த் 1978இல் இதை ஒரு வாயில் ஊர் என்று விவரித்தார். அந்த வணிகத்தில் செழித்த உள்ளூர்த் தலைவர்கள், வளைகுடாக் கரையின் சிற்ப மொழியைத் தங்களுக்காக எடுத்தாண்டார்கள் என்பதே என் முடிவு. அவர்கள் எடுத்தது பாணியை. சொன்ன செய்தி தங்கள் மலையைப் பற்றியது. மேகமும் துளியும் குன்றின் ஓடையுமாக எல் ரே காட்டும் அந்த முழுக் காட்சிக்கு வளைகுடாக் கரையில் நேர் இணை கிடையாது.

இப்போது மேட்டுக்குத் திரும்புவோம். மையத்திடலின் அந்தப் பெரிய மேட்டை ஒரே மூச்சில் கட்டவில்லை. முதல் கட்டத்துச் சிறிய மேடையின்மேல் தலைமுறை தலைமுறையாக மண் ஏற்றி வளர்த்திருக்கிறார்கள். அதன் உள்ளே பச்சைமணிக் கற்களோடு மேன்மக்களின் கல்லறைகள் கிடைத்தன. அதன் உச்சியில்தான் ஒன்பதாம் எண் சிற்பம் நின்றிருக்க வேண்டும் என்று க்ரோவ் கருதினார். ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரமுள்ள கற்பலகை அது. எல் ரேயில் பக்கவாட்டில் கண்ட அதே பூமியின் முகம் இங்கே நேர்முகமாக, கண்களும் பிளந்த வாயுமாக இருக்கிறது. நான்கு இதழ் வடிவிலான அந்த வாயின் மூலைகளில் செடிகள் முளைக்கின்றன. வாய் செதுக்கப்பட்டது மட்டுமல்ல, கல்லின் மறுபுறம் வரை துளைக்கப்பட்டும் இருக்கிறது. வாயின் கீழ் விளிம்பு தேய்ந்திருப்பதை க்ரோவ் கவனித்தார். ஆட்களோ பொருள்களோ அதன் வழியாகத் திரும்பத் திரும்ப நுழைந்து வெளிவந்ததால் உண்டான தேய்மானமாக அது இருக்கலாம்.

தலைப்பில் உள்ள கேள்விக்கு இந்தத் தேய்ந்த விளிம்பில் விடை இருக்கிறது. மலை எல்லோருக்கும் பொது. அதன் குகைக்குள் யாரும் போயிருக்கலாம், எந்தக் குடியானவனும் அங்கே படையல் வைத்திருக்கலாம். மண்மேடு அப்படியல்ல. அது தலைவர்களின் முன்னோர் புதைந்த இடம். அதன் உச்சியில் ஒரு கல் வாய் திறந்திருக்கிறது. யார் நுழைவது, எப்போது நுழைவது என்பதை முடிவு செய்தவர்கள் தலைவர்கள். மலையின் ஆற்றலைப் பொதுவிடத்திலிருந்து எடுத்துத் தங்கள் முற்றத்தில் நிறுத்திக்கொள்ளவே அவர்கள் மேடு கட்டினார்கள். மலை கண்முன் நின்றதால்தான் அது தேவைப்பட்டது.

இதற்கு வலுச்சேர்ப்பது இருபத்திரண்டாம் எண் சிற்பம். அது மேசை வடிவ அரியணை. லா வென்டாவில் இப்படிப்பட்டவை ஒரே கல்லில் ஆனவை, முன்புறக் குழியிலிருந்து ஒருவர் வெளிப்படுவதுபோல அமைந்தவை. சல்காட்சிங்கோவில் அதைப் பல கற்களை அடுக்கி, பள்ளமாகத் தோண்டிய முற்றம் ஒன்றில் கட்டியிருக்கிறார்கள். முன்முகத்தில் பூமியின் கண்கள். அதற்குள் ஒரு குழந்தையின் எலும்புகள் கிடைத்தன. மழைக்காகக் குழந்தைகளைப் பலியிடும் வழக்கம் ஆஸ்டெக் காலத்தில் இருந்ததை நாம் நன்றாகவே அறிவோம். ஆஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானின் பெருங்கோயிலில் மழைத்தெய்வமான ட்லாலோக்கின் பக்கத்தில் 42 குழந்தைகளின் எலும்புகள் ஒரே காணிக்கைக் குழியில் கிடைத்தன. இரண்டுக்கும் இடையே 2000 ஆண்டு இடைவெளி இருக்கிறது. அதனால் சல்காட்சிங்கோக் குழந்தையை உடனே பலி என்று எழுதிவிடுவது அவசரம். ஆனால் அந்த அரியணையில் உட்கார்ந்தவர் பூமியின் முகத்தின்மேல், ஒரு குழந்தையின் உடலுக்கு மேல் உட்கார்ந்தார் என்பது உண்மை. அதிகாரத்தின் விலையை இதைவிட நேராகக் காட்டும் சான்றை நான் படித்ததில்லை.

பூமியின் முகத்தின்மேல் தலைவர் அமரும் இதே காட்சி ஓவியத்திலும் உண்டு. குகை ஓவியங்களைப் பொறுத்தவரை, தெற்கே கெர்ரெரோ மாநிலம்தான் தலைமையிடம். ஓஷ்டோடிட்லானில் குகை வாய்க்கு மேலே செங்குத்துப் பாறையில், பறவை முகமூடியும் இறகு உடையும் தரித்த ஒருவர் பூமி விலங்கின் தலைமேல் அமர்ந்திருக்கிறார். முகமூடிக்குள் இருக்கும் மனித முகமும் தெரியும்படி ஓவியர் தீட்டியிருக்கிறார். கீழே குகை, மேலே விலங்கின் தலை, அதன்மேல் தலைவர். இந்த ஓவியத்தோடு லா வென்டாவின் கல் அரியணைகளை வைத்துப் பார்த்துத்தான், அவை பலிபீடங்கள் அல்ல, ஆள்பவர் உட்காரும் இருக்கைகள் என்று க்ரோவ் கண்டுகொண்டார். ஹுஷ்ட்லாவாக்காவில் நிலைமை வேறு. அங்கே ஓவியங்கள் நிலத்தடிக் குகையின் வாயிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, முழு இருட்டில் இருக்கின்றன. சிறுத்தைத் தோல் கை கால்களோடு நெடிய உருவம் ஒன்று, அதன் எதிரே சிறிய உருவம், வேறொரு பாறையில் சிவந்த பாம்பு. ஊர் கூடிப் பார்ப்பதற்காக வரைந்தவை அல்ல இவை. தீப்பந்தத்தோடு அவ்வளவு தூரம் போகத் துணிந்த சிலருக்கானவை.

கட்டிய மலைக்குள் குகை வைக்கும் எண்ணத்தைப் பிற்காலப் பெருநகரங்கள் பேரளவில் செயல்படுத்தின. தெயோதிவாகானில் சூரியப் பிரமிடுக்குக் கீழே ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள சுரங்கவழி 1971இல் தெரியவந்தது. அது இயற்கைக் குகை, அதனால்தான் பிரமிடு அங்கே எழுந்தது என்று டோரிஸ் ஹெய்டன் 1975இல் எழுதினார். பின்னர் அது மனிதர் குடைந்தது என்பதே ஏற்கப்பட்டது. ஹெய்டன் சொன்னதற்கு இதனால் பெரிய குறைவில்லை. இயற்கைக் குகை கிடைக்காத இடத்தில் குடைந்தாவது ஒன்றை உண்டாக்கினார்கள் என்றால், குகை இல்லாத பிரமிடு அவர்களுக்கு முழுமையாகவில்லை என்றுதானே பொருள்? இறகுப் பாம்புப் பிரமிடின் கீழே செர்ஹியோ கோமெஸ் 2003இல் கண்ட சுரங்கத்தில் பாதரசம் வரை கிடைத்திருக்கிறது.

மொரெலோஸ், கெர்ரெரோ ஊர்களில் மலைக்கும் மழைக்குமான உறவு இன்றும் அறுந்துவிடவில்லை. போபோகாட்டெபெட்லை டான் கோயோ என்று முறைவைத்து அழைக்கும் அடிவார ஊர்க்காரர்கள், மார்ச் 12ஆம் தேதி அதற்குப் படையல் எடுத்துச் செல்கிறார்கள். ஓஷ்டோடிட்லானை அடுத்த அகட்லானிலும், அருகேயுள்ள சிட்லாலாவிலும் மே மாதத் தொடக்கத்தில் ஆண்கள் சிறுத்தை முகமூடி மாட்டிக்கொண்டு ஒருவரோடொருவர் சண்டையிடுகிறார்கள். விழும் அடி மழைக்கான காணிக்கை. சல்காட்சிங்கோ கிராமத்திலேயே மக்காச்சோளம் சேமிக்கும் பெரிய மண் குதிர்கள் வீட்டு முற்றங்களில் நிற்கின்றன. 2500 ஆண்டுகளில் மொழியும் மதமும் ஆட்சியும் மாறிய நிலத்தில், இன்றைய சடங்கை வைத்து அன்றைய சிற்பத்துக்கு நேரடியாகப் பொருள் சொல்லக் கூடாது. ஆனால் மழை எப்போது வரும் என்ற கவலை எவ்வளவு கூர்மையானது என்பதை அந்த விவசாயிகளிடம் கேட்காமல் எல் ரேயின் முன் நிற்பது பாதிப் பார்வைதான்.

சல்காட்சிங்கோவின் சொந்தக் குகை ஓவியங்களுக்கு இந்த ஆய்வுகளில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் குறை. 1987 நூலில் அலெக்ஸ் அபோஸ்டோலிடிஸ் அவற்றுக்கென ஓர் இயல் எழுதினார். சிற்பங்களைப் பற்றி வந்த எழுத்தோடு ஒப்பிட்டால் ஓவியங்களைப் பற்றி வந்தவை சொற்பம். அவை எல் ரேயைப் போல ஒரே பார்வையில் கவர்பவை அல்ல, எளிய கோடுகளும் குறிகளும் உருவங்களும்தான். தலைவர்களுக்குச் சிற்பிகளும் மேடும் அரியணையும் இருந்தன. மேட்டில் ஏற அனுமதி இல்லாதவர்களுக்கு மலை இருந்தது. டெல்காடோ குன்றின் ஓவியங்களில் ஒரு பகுதியாவது அவர்களுடைய கையாக இருக்கலாம் என்று நான் நம்புகிறேன். ஓஷ்டோடிட்லானில் வண்ணப்பூச்சைக் கரிமக் கணிப்பால் சோதித்திருக்கிறார்கள். அதே உழைப்பை இங்கேயும் செலுத்த வேண்டும். திறந்த பாறையில் இருக்கும் ஓவியம் வெயிலுக்கும் மழைக்கும் கைபடுவதற்கும் தப்பிக் காத்திருக்காது.

கைவிட்டதற்கு என்ன நேரும் என்பதற்கு ஒன்பதாம் எண் சிற்பமே சாட்சி. 1960களில் திருடர்கள் அதைத் துண்டுகளாக்கிக் கடத்தினார்கள். அமெரிக்காவில் அருங்காட்சியகத்திலும் தனியார் கைகளிலும் அரை நூற்றாண்டு கிடந்தது. எந்த மண்ணில், எதை நோக்கி, எவற்றோடு நின்றது என்ற விவரம் அந்தத் திருட்டோடு போயிற்று. மேட்டின் உச்சியில் நின்றிருக்க வேண்டும் என்று ஊகமாக எழுத வேண்டியிருப்பது அதனால்தான். மான்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் அதைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து, 2023இல் அது மெக்சிகோவுக்குத் திரும்பி, குவெர்நவாகா நகரில் கோர்தேஸ் அரண்மனை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. மெக்சிகோ செல்லும் வாசகர்கள் பெரும் பிரமிடுகளோடு திரும்பிவிடாமல், முதலில் குவெர்நவாகாவில் அந்த வாயின் தேய்ந்த விளிம்பைப் பாருங்கள். பிறகு சல்காட்சிங்கோவுக்குப் போய், அந்தச் சிற்பம் நின்றிருந்த மேட்டையும் அதன் பின்னால் நிற்கும் மலையையும் ஒரே பார்வையில் பாருங்கள்.